நடுவில் ஒருவர்

ஜூலை 7, திங்கள்

பழைய நோட்டு முடிந்துவிட்டது. புது நோட்டுக்கு எங்களை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டாமா?

நான் ஆஸ்பத்திரியில் கருவி அறையில் இருக்கிறேன். கத்தியும் கத்தரியும் இடுக்கியும் ரத்தத்தோடு வரும். கழுவி, அடுக்கி, துணியில் சுற்றி, பெரிய மெஷினில் நீராவியில் வேகவைத்து ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். காலை ஷிப்ட் எனக்கு, மதிய ஷிப்ட் சின்னவளுக்கு. சின்னவள் என்றால் என் கொழுந்தன் மனைவி, எனக்கு ஓர்ப்படி. வேலை ஒரே அறை. வீடு ஒரே வீடு, நாங்கள் கீழே, அவர்கள் மாடி. ஞாயிற்றுக்கிழமை ஒரே சபை, அதுவும் ஒரே பெஞ்சு. எட்டு மாதமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை.

ஷிப்ட் மாறும்போது இருவரும் முகம் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்று சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், ரேடியோ வாயால்.

ரேடியோ எங்கள் தள்ளுவண்டிக்காரர். ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் என்ன நடந்தாலும் அவர் வாயில் வந்துவிடும், அதனால் அந்தப் பெயர். இன்றும் இரண்டு மணிக்கு வாசலில் நின்றுகொண்டு என் பக்கமும் அவள் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி ஒலிபரப்பினார்.

"அக்கா சொல்றாங்க, ரெண்டாவது மெஷின் கதவு ரப்பர் பிசகுதாம்."

நான் மூன்றடி தள்ளித்தான் கை துடைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னது அவள் காதில் எப்போதோ விழுந்தாயிற்று. ஆனாலும் அவர் சொல்லி முடித்த பிறகுதான் தலையாட்டினாள்.

"கத்தரி செட் எத்தனைன்னு கேளுங்க."

"எத்தனைன்னு கேக்கறாங்க."

"ஆறு."

"ஆறாம்."

போகும்போது ரேடியோ என்னிடம், "உங்க சபைக்கு ஒரு நாள் போகணும்னு வீட்ல சொல்லுது அக்கா" என்றார். போன வருஷம் அவர் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது சபைப் பெண்கள் பதினோரு நாள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தோம். அப்போது நானும் சின்னவளும் ஒரே பிளாஸ்கில் காபி எடுத்துப் போவோம். ரேடியோவுக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஆனால் அந்தப் பதினோரு நாளை அவர் மறக்கவில்லை.

"உங்க ஆலயத்துச் சுவத்துல எழுதியிருக்காமே. நீங்க ஒருத்தருக்கொருத்தர் அன்பா இருக்கறத வச்சுத்தான் வெளில இருக்கறவங்க உங்கள அடையாளம் கண்டுக்குவாங்கன்னு. நானும் எட்டு மாசமா பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். சுருக்கென்றது.

ஜூலை 8, செவ்வாய்

மாடியில் விடிந்ததும் விடியாததுமாகக் கட்டிலை இழுக்கிறாள். வேண்டுமென்றே.

ஜூலை 10, வியாழன்

மகள் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே மாடிப்படி ஏறினாள். "சித்தி கூப்பிட்டாங்கம்மா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக நான் இந்தச் சண்டையைச் சுமக்கிறேன்? இவளுக்காகத்தானே?

அவளுக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. பன்னிரண்டில் நின்றது. அதற்குப் பிறகு பதினாலு வருஷம் ஒன்றுமில்லை. எட்டு மாதம் முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் அதைச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நின்றுபோன மழைக்கு யாராவது குடை பிடிப்பார்களா? மாப்பிள்ளையின் அம்மா ஆலய முற்றத்தில் சின்னவளைப் பிடித்து, பெண்ணுக்கு உடம்பில் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். "சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சு, இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டாள். அரை நிமிஷ வேலை. சுற்றி நாலு பேர் நின்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். வலிப்பு காரணம் இல்லையாம், மறைத்ததுதான் காரணமாம்.

"கேட்டாங்க, பொய் சொல்ல முடியலக்கா" என்றாள் அன்று. அரிச்சந்திரன் பேத்தி! அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது உண்டு. போதகர் முதல் பெஞ்சில் இருப்பவர் கையைப் பிடித்து "சமாதானம்" என்பார். அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று கை மாறிக்கொண்டே பின்பெஞ்சு வரை வரும். எங்கள் பெஞ்சில் எனக்கும் சின்னவளுக்கும் நடுவே ரிட்டையரான டீச்சர். எட்டு மாதமாகச் சின்னவள் தரும் சமாதானத்தை வாங்கி எனக்குத் தருவது அவர்தான்.

இன்று முடிந்த பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முன்னால நாற்காலி போட்டுத் தர்றேங்கறாங்க. உங்க ரெண்டு பேருக்காக இந்தப் பலகையில உக்காந்து கால வளைச்சிட்டிருக்கேன். நான் செத்தா நடுவுல என்ன, தலகாணியா வைப்பீங்க?"

ஆலயத்தில் டீச்சர், வேலையில் ரேடியோ, வீட்டில் மகள். எங்களுக்கு எங்கேயும் நடுவில் ஒருவர் வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்று இருபதுக்குக் கரண்டு போய்விட்டது. இரண்டாவது மெஷினில் பெரிய வயிற்று ஆபரேஷன் செட் பாதி வேக்காட்டில் நின்றது. கரண்டு திரும்பி வந்ததும் மெஷின் துண்டுக் காகிதத்தைத் துப்பியது: பூர்த்தியாகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும், ஐம்பது நிமிஷம். அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம், அது முறைதான். ரேடியோவிடம் கொடுத்தனுப்பலாம் என்று காகிதத்தை ஏப்ரன் பையில் வைத்தேன். ரேடியோ வரவில்லை. கரண்டு போனபோது லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நடையில் அவள் செருப்புச் சத்தம். நடுவில் யாருமில்லை. பேச வேண்டி வந்துவிடும்.

பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

பதிவேட்டில் காகிதம் ஒட்டாத செட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும்.

ஜூலை 16, புதன்

எடுத்துவிட்டாள்.

நேற்று நான் வந்த பிறகு தியேட்டரிலிருந்து அவசரம் என்று போன். சுற்றியிருந்த டேப்பில் கோடு கறுத்திருந்தது. சூடு பட்டாலே அந்தக் கோடு கறுத்துவிடும். முழுக்க வெந்ததா என்பதை உள்ளே வைக்கும் பட்டைதான் சொல்லும். பதிவேட்டில் "ஒப்படைத்தேன்" கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. ஒரு மணிக்கே போட்டு வைத்துவிடுவது என் பழக்கம். அவள் "பெற்றுக்கொண்டேன்" கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டாள். மேலே ஒரு மனுஷனை மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு செட்டைப் பிரித்தால் உள்பட்டை நிறம் மாறவே இல்லை. வேறு செட் தேடிப் பிடிக்க நாற்பது நிமிஷம். அதுவரை அவர் மயக்கத்திலேயே கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறார். மூன்று பேரிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஏப்ரனை நனைக்கப் போனேன். பையில் அந்தத் துண்டு.

ஐயோ. இத அங்க வச்சிட்டாவது வந்திருக்கலாமே.

ஜூலை 17, வியாழன்

மேட்ரன் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"மெஷின் நின்னது உங்க ஷிப்ட்ல. நீங்க அவங்களுக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலை போகும் என்று அந்த ஒரு விநாடியில் எப்படித்தான் ஞாபகம் வந்ததோ.

"சொல்லி அனுப்பினேன் மேடம்."

"யார்கிட்ட?"

நான் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாங்கள் யார் மூலம் பேசிக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். மேட்ரன் தாளில் எதையோ எழுதினார். திரும்பினால் ரேடியோ வாசலில் வண்டியோடு நிற்கிறார்.

கேட்டிருப்பார். கேட்காமல் எப்படி இருக்கும்?

ஜூலை 18, வெள்ளி

ரேடியோ இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிச் சக்கரம் மட்டும் கிறீச்சென்றது.

ஜூலை 19, சனி

லிஃப்டு வாசலில் நானே போய் நின்றேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர்தான் பேசினார். குரல் உயரவே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தேன் அக்கா. நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருந்தேன். அது உங்களுக்கும் தெரியும். மேட்ரன் கேட்டாங்க, ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எம் பொண்டாட்டி தலமாட்டுல மூணு நாள் தூங்காம உக்காந்திருந்தீங்களே, அதுக்கு. அந்தக் கணக்கு சரியாப் போச்சு. வியாழக்கிழமை விசாரணையாம், அங்க திரும்பக் கேட்டா நான் உள்ளதச் சொல்லுவேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு." பொத்தானை அழுத்திவிட்டு, கதவு மூடும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமை உங்க சபைக்கு நாங்க வரல. வீட்ல சொல்லிட்டேன்."

அவர் வராவிட்டால் எனக்கென்ன, ஆள் பிடிக்கும் வேலையா பார்க்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு நிற்கவில்லை. பதினோரு நாளில் கட்டியதை ஒரு வார்த்தையில் இடித்துத் தள்ளிவிட்டேன். சின்னவளை இடிப்பதாக நினைத்து அந்த மனுஷனை இடித்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சின்னவள் வரவில்லை. சமாதானம் சுற்றி வந்தபோது டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினார், காலிப் பலகை. முன்பெஞ்சுக்காரர் எட்டி அவர் கையைப் பிடித்தார். அவர் எனக்குத் தந்தபோது என் கை ஜில்லென்று இருப்பதாகச் சொன்னார். திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 21, திங்கள்

சாயங்காலம் கொழுந்தன் கீழே வந்து என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில். கதவு திறந்துதான் இருந்தது.

சின்னவள் மேட்ரனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். காகிதம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு, தள்ளுவண்டிக்காரருக்கு இதில் சம்பந்தமில்லை, அவர் அப்போது லிஃப்டில் இருந்தார் என்று. என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

"வேல போயிரும்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கா அண்ணே. நான் சொன்னா எங்க கேக்கறா."

கொழுந்தன் போன பிறகு அவர் உள்ளே வந்தார். முப்பது வருஷத்தில் என்னைக் கடிந்து பேசாத மனுஷன். "உனக்கு இப்ப நிம்மதியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குக் காகிதம் பற்றித் தெரியாது. தெரியாமலே கேட்டுவிட்டார்.

நிம்மதியா? எட்டு மாசமா அவ கெட்டுப் போகணும்னு நான் நெனக்கலியா? நெனச்சேன். முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு எழுந்திருச்சும் நெனச்சேன். இப்ப அது தட்டுல வச்சு வருது, தொண்டையில எறங்கல.

ஜூலை 22, செவ்வாய்

காகிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. அடுப்பில் காட்டினால் இரண்டு விநாடி. நான் சொன்னதுதான் சொல் என்று நின்றுவிடலாம். சின்னவள் அவளாகவே தலையைக் கொடுத்துவிட்டாள். ரேடியோ உள்ளதைச் சொன்னாலும், லிஃப்டிலிருந்து வந்ததும் சொன்னேன், அவர் மறந்தார் என்று சாதித்தால் யார் மறுக்க முடியும்?

அடுப்பு வரைக்கும் போனேன். எழுதக் கூசுகிறது, ஆனால் போனேன்.

மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் என் கையைப் பார்த்தாள். வாங்கிப் படித்தாள். தேதி, நேரம், பூர்த்தியாகவில்லை. என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. சித்தி மாடியில் எல்லாம் சொல்லியிருப்பாள்.

"அம்மா, எனக்கு வலிப்பு வந்தத மறச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. நீ எனக்காகத்தான் மறச்சே, தெரியும். ஆனா நீ எத மறச்சாலும் அது வேற யார் தலையிலயாவதுதான் விடியுது."

காகிதத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டுப் போனாள்.

இருபத்தாறு வயசுப் பெண். இத்தனை நாள் ஒரு தடவை கேட்டேனா, உனக்கு எப்படி இருக்கிறது என்று? அவளுக்காகச் சண்டை போட்டேனாம்!

ஜூலை 23, புதன்

மாடிக்குப் போனேன். பதினேழு படி. ஒன்பதாவதில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். மேலே அவள் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். என் காலடிச் சத்தம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு அவள் கட்டில் தெரிகிற மாதிரி.

உட்காரவில்லை. காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது இருக்கும்னு தெரியும்கா. பதிவேட்டுல ஒட்டல, அப்பவே கவனிச்சேன்."

"கவனிச்சியா? அப்புறம் எதுக்குடி அனுப்பினே?"

"நடையில வரும்போது உன் சேலைத் தலைப்பு பின்வாசல்ல மறையறதப் பாத்தேன். ஓடி வந்து கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்க மாட்டேன்னு வீம்பு. மேலேருந்து போன் வேற. டேப்பு கறுத்திருக்கே, நீ ஒட்ட மறந்திருப்பியோன்னு நெனச்சு அனுப்பிட்டேன். நீ ஓடினே, நான் கூப்பிடல. அவ்ளோதான்."

இருவரும் சேர்ந்து ஒரு மனுஷனை நாற்பது நிமிஷம் சாவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறோம். இதை நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு நான் இதக் குடுக்கப் போறேன். கடிதத்துல எம் பேர ஏன் விட்டே?"

"உன் தப்ப நீதானே சொல்லணும். என் தப்ப நான் சொன்னேன். போன தடவ உன் வீட்டு விஷயத்த நான் முந்திக்கிட்டுச் சொல்லித்தானே இவ்வளவும்."

அந்தப் பேச்சை எடுத்ததும் எனக்கு எல்லாம் திரும்பப் பொங்கியது. கத்தினேன். எட்டு மாதம் சேர்த்துவைத்தது அத்தனையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசவில்லை. கடைசியில் சொன்னாள்:

"உண்மையச் சொன்னது தப்புன்னு எனக்கு இப்பவும் தோணலக்கா. ஆனா முற்றத்துல, நாலு பேர் நடுவுல சொன்னது தப்பு. அக்காவக் கேளுங்கன்னு சொல்லிட்டு நேரா உன்கிட்ட ஓடி வந்திருக்கணும். வரல. மன்னிச்சிரு."

மன்னித்தேன் என்று சொல்வது வேகவைக்காத செட்டை அனுப்புகிற மாதிரி இருக்கக் கூடாது. "என்னையும் மன்னிச்சிரு" என்றேன். அது மட்டும் முழுக்க வெந்து வந்தது.

காபி கொடுத்தாள். அரைச் சர்க்கரை. மறக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

விசாரணை. நீள மேஜை. மேட்ரன், ஒரு டாக்டர், எழுதுவதற்கு ஒரு கிளார்க். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். ரேடியோ என்னைப் பார்க்கவில்லை.

காகிதத்தை மேஜையில் வைத்தேன். "இது எங்கிட்டதான் இருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லி அனுப்பல. சொல்லி அனுப்பினேன்னு சொன்னது பொய். இவர் அங்க இல்லவே இல்ல. ஓர்ப்படிகூடப் பேச வேண்டி வருமேன்னு பின்வாசல் வழியா போயிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பேச வேண்டி வருமேன்னா? புரியல."

சின்னவள் எழுந்து, "நானும்தான் சார் பேசல, காகிதம் இல்லன்னு தெரிஞ்சே—" என்று ஆரம்பித்தாள். "நீ உக்காரு, மெஷின் நின்னது என் ஷிப்ட்ல" என்றேன். "கையெழுத்து என்னோடதுக்கா" என்றாள். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா என்னால எழுத முடியாது. யார் தப்புன்னு எழுத?"

"ரெண்டு பேரும்னு எழுதுங்க" என்றார் மேட்ரன். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே சபைதானே?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். எட்டு மாதத்தில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பலமானது.

ஜூலை 25, வெள்ளி

எனக்கு இரண்டு வார சஸ்பென்ஷன், திங்கட்கிழமையிலிருந்து. திரும்பி வந்தால் ஆறு மாதம் கழுவுகிற பக்கம். ரத்தமும் ரப்பர் உறையும் வெந்நீரும். புதிதாகச் சேர்பவர்களைப் போடுகிற இடம். சின்னவளுக்கு மெமோ. வேலை போகவில்லை, இருவருக்கும். ரேடியோ மேல் ஒன்றுமில்லை.

லிஃப்டு வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வண்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மன்னிச்சேன்னு சட்டுனு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. உங்கள மாதிரி பழக்கமில்ல. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

எங்களுக்குப் பழக்கமாம்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டீச்சர் எழுந்து முன்னால் நாற்காலிக்குப் போய்விட்டார். சொல்லாமல் கொள்ளாமல். நடுவில் ஒரு முழம் பலகை காலி. சமாதானம் வந்தபோது சின்னவள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கழுவும் பக்கம். முதுகு விட்டுப்போயிற்று. ஒரு மணிக்கு யாரோ பக்கத்துத் தொட்டியில் குழாயைத் திறந்தார்கள். சின்னவள், ரப்பர் உறையோடு.

"உனக்கு ரெண்டு மணிக்குத்தானே?"

"இன்னிக்கு நெறய இருக்கு. நீ இடுக்கியப் பாரு, நான் கத்தரியப் பாக்கறேன்."

ரேடியோ வண்டியோடு வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஐந்து நாளும் ஒரு மணிக்கே வந்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஜென்மமா. நானும் விடவில்லை. இரண்டு மணிக்கு என் ஷிப்ட் முடிந்த பிறகு அரை மணி இருந்து அவளுக்குத் துணி மடித்துக் கொடுக்கிறேன். இடையிடையே சண்டையும் உண்டு. நான் மடிப்பது கோணலாம்.

கைமாற்றம் இப்போது வாய்விட்டுத்தான். காலை ஷிப்டில் புதிதாக வந்தவள் சொல்ல, சின்னவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கழுவும் பக்கத்துக் கணக்கை நான் அவளிடம் நேராகச் சொன்னேன். பழக்கதோஷத்தில் ரேடியோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு வேலை போச்சா?" என்றார்.

விசாரணைக்குப் பிறகு அவர் போட்ட முதல் ஜோக். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் உறை, துடைக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மகளைக் கேட்டேன், உனக்கு எப்படி இருக்கிறது என்று. நேற்றும் கேட்டேன். நேற்று "ஒண்ணுமில்லம்மா" என்றாள். இன்று ஒரு மணி நேரம் பேசினாள். அடுத்த தடவை யாராவது பெண் பார்க்க வந்தால் அவளே சொல்லிக்கொள்வாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் போதுமாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதல் பாட்டு முடிந்திருந்தது. வாசல் பக்கம் சலசலப்பு. திரும்பினால் ரேடியோவின் மனைவி. அவர் யாரையும் தேடவில்லை, விறுவிறுவென்று டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், தலைமாட்டில் இருந்தவரை மறப்பாரா? ரேடியோ மட்டும் வாசலிலேயே நிற்கிறார். தேய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. வண்டி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன். அதே நேரம் சின்னவள் அந்தப் பக்கம் நகர்ந்தாள். பேசிவைத்துச் செய்யவில்லை. நடுவில் இடம் விழுந்தது. அவள் பலகையைத் தட்டிக் காட்டினாள். வந்து உட்கார்ந்தார்.

பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சுவரில் எழுதியிருப்பதை ஒரு முறை படித்தார், உதடு அசைவது தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சமாதானம் முதல் பெஞ்சிலிருந்து கை மாறி மாறி வந்தது. சின்னவள் வாங்கி அவர் பக்கம் திரும்பி, அவர் கை இரண்டையும் பிடித்து "சமாதானம்" என்றாள். இதை என்ன செய்வது என்று அவர் முழித்தார். நான் கையை நீட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இங்கயும் நடுவுல நான்தானா?" என்று முணுமுணுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, சமாதானமாம்."

பெற்றுக்கொண்டேன்.